அருளிக்கம் வந்த வெள்ளிக்கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தவக்காலத்தின் இரண்டாம் வாரம், ஏசுநாதரை அறைந்த சிலுவையின் ஒரு துண்டு ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தது. நெல்மணி அளவு மரச் சிராய். அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பித்தளைத் தாங்கியில் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் வைத்து ஜெபம் சொல்வதாக ஏற்பாடு. இப்படிப்பட்ட புனிதப் பொருளுக்கு சர்ச்சில் வழங்கும் பெயர் அருளிக்கம். இதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் நான் வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்லின் கடைசி ‘ம்’ வாய்க்கு வந்து சேராது, மூக்கிலேயே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, சர்ச் உபதேசியார் அம்மாவிடம் பேசியதன் கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது. “வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு உங்க வூட்டுக்கு அருளக்கா வருதுமா. எல்லாம் ரெடியா வெச்சிக்கோங்க.” அவர் சொன்னது வேறு. எனக்குக் கேட்டது இது.

அருளக்கா என் அப்பாவின் தங்கை. முறைக்கு அத்தை, ஆனால் லைனில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் அக்கா என்றே பழகிவிட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் அவள் பூதிகோட்டையில் தக்காளி பயிரிடும் ஒரு கன்னடக்காரரை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். சர்ச்சிலும் செய்யவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. “அவ இந்த வாசப்படிய மிதிச்சா நான் வேற வூடு பாத்துக்கினு போயிடுவேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். சுரங்கம் மூடிய பிறகு அப்பா விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்து, இருட்டிய பிறகு திரும்புகிறவர். வேறு வீடு பார்க்க அவருக்கு நேரமே கிடையாது. இருந்தாலும் அதன் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. இப்போது உபதேசியாரே நடுவீட்டில் நின்று சத்தமாகச் சொல்கிறார், அம்மா தலையாட்டுகிறாள். பெரியவர்கள் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் கேட்டதெல்லாம் என் முடிவையே உறுதிப்படுத்தியது. பக்கத்து வீட்டுச் சித்தி வந்து, “குச்சி மாதிரிதான் இருக்குமாம். கிட்டப் போனாத்தான் கண்ணுக்கே தெரியுமாம்” என்றாள். அருளக்கா நல்ல உடம்புக்காரி. மூன்று வருடத்தில் இவ்வளவு இளைத்துவிட்டாளா என்று கவலையாக இருந்தது.

“அசல்தானான்னு யாருக்குத் தெரியும்?” என்றார் அப்பா.

“கையெழுத்து, சீலு எல்லாம் போட்ட பேப்பர் கூடவே வருதுங்க” என்றாள் சித்தி.

ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குப் பேப்பர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்பா விடவில்லை. “பேப்பரு யாரு வேணும்னாலும் குடுப்பாங்க. இது மாதிரி உலகம் பூரா இருக்கறத ஒண்ணா சேத்தா, நம்ம சுரங்க ஷாஃப்ட்டுக்கு அடிலேந்து மேல வரைக்கும் முட்டு குடுக்கலாம்.”

இது மட்டும் எனக்குப் பொருந்தவில்லை. கோபத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

உபதேசியார் சொல்லிவிட்டுப் போனதை அம்மா என்னை எழுதிவைக்கச் சொன்னாள். மேசைக்கு வெள்ளைத் துணி. மெழுகுவத்தி இரண்டு. மல்லிகை. குடும்பத் தலைவர் வாசலில் முழந்தாளிட்டு வரவேற்க வேண்டும். யாரும் கையால் தொடக்கூடாது. விரும்பியவர்கள் முத்தி செய்யலாம். அப்பா முழந்தாளிடுவது எனக்கு நியாயமாகவே பட்டது. தொடாமல் எப்படி முத்தம் கொடுப்பது என்று மட்டும் கேட்டேன். “குனிஞ்சு” என்றாள் அம்மா.

புதன்கிழமைகளில் அருளக்காவின் வீட்டுக்காரர் டெம்போவில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவருவார். அம்மா அவரோடு பேசக்கூடாது என்பதால் நாலு கடை தள்ளிக் கீரை பார்ப்பதுபோல நிற்பாள். நான் மட்டும் போய் ஒரு கிலோ கேட்பேன். அவர் ஒன்றரை கிலோ போட்டு ஒரு கிலோ என்பார். அம்மா பையை வாங்கி எடை தெரிந்தும் தெரியாததுபோல நடப்பாள். இரண்டு வீடுகளுக்கும் இடையே நடந்த போக்குவரத்து இவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை நான் அவரிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழம லேட்டு பண்ணாதீங்க. அருளக்கா ஆறு மணிக்கு வந்துடணும்.”

அவர் தராசைக் கீழே வைத்தார். “எல்லிகே?” எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

“எங்க வூட்டுக்குத்தான். சர்ச்லயே சொல்லிட்டாங்க. அப்பா வாசல்ல முட்டி போடுவாரு.”

“உங்க அப்பாவா?”

“லிஸ்ட்ல இருக்குது.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானு?”

“நீங்க லிஸ்ட்ல இல்ல. வேணும்னா டெம்போகிட்ட நில்லுங்க.”

அன்று ஒரு கிலோ மூன்று கிலோவாக இருந்தது. அம்மா பையைத் தூக்கிப் பார்த்து, “அவருகிட்ட இன்னாடி சொன்ன?” என்றாள். தக்காளி கேட்டேன் என்றேன். கேட்டதும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டிருந்தார். ஆறு மணிக்கு லைன் முனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வாசலில் முழந்தாளிட்டார். முன்னால் உபதேசியார் பித்தளைத் தாங்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார், பின்னால் பெண்கள். கூட்டத்தில் நான் முகம் முகமாகத் தேடினேன்.

“அருளக்கா எங்க?” என்று உபதேசியாரைக் கேட்டேன்.

“இதாம்மா அருளிக்கம்” என்று கண்ணாடியைக் காட்டினார். இந்தத் தடவை ‘ம்’ தெளிவாகக் கேட்டது.

குச்சி, பேப்பர், ஷாஃப்ட் முட்டு எல்லாம் ஒரே நொடியில் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கூடவே பூதிகோட்டையிலிருந்து ஒரு டெம்போ கிளம்பியிருக்கும் என்பதும். அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கூட்டம் அப்பாவைத் தாண்டி உள்ளே போனது. அவர் எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அப்போது டெம்போ வந்து நின்றது.

அருளக்கா இறங்கினாள். கொஞ்சமும் இளைக்கவில்லை. கையில் தக்காளிக் கூடை. அவள் வீட்டுக்காரர் நான் சொன்னபடியே வண்டியருகில் நின்றார். அப்பா முழந்தாளில் இருப்பதைப் பார்த்ததும் கூடையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“இன்னாண்ணா இது? எய்ந்திருண்ணா. நான்தான் தப்பு பண்ணது. நீ போயி முட்டி போடறியே.”

அப்பா அவளைப் பார்த்தார். திரும்பி, உள்ளே மெழுகுவத்திக்கு நடுவே இருந்த அருளிக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இது உனக்கில்லை என்று அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் அவள் அப்படியே வண்டி ஏறிவிடுவாள். தக்காளி ஒன்று உருண்டு வந்து படியில் முட்டி நின்றது.

“எய்ந்திரிக்க முடியலமா” என்றார் அப்பா. “முட்டி புடிச்சிக்கிச்சு. கையக் குடு.”

தப்பான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் அப்போதும் முடியாது. “காலைலகூட கூர ஷீட்டு மேல ஏறி ஓட்டைய அடைச்சீங்களேப்பா” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

அப்பா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, கிழவர்போல மெல்ல எழுந்தார். எழுந்த பிறகும் விடவில்லை. பிடித்த கையோடே படியேறினார். போகும்போது திரும்பாமலேயே, “அந்தாள இன்னாத்துக்கு ரோட்ல நிக்க வெச்சிக்கீற? கூப்புடு” என்றார்.

ஜெபம் முடிந்து அருளிக்கம் அடுத்த வீட்டுக்குப் போனது. அருளக்கா சமையலறையில் அம்மாவோடு தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், எந்த முட்டி என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு காலையும் நீட்டினார். இரண்டும் ஒரே நேரத்திலா பிடித்துக்கொண்டது என்று வியந்தபடி, நான் இரண்டிலும் நன்றாகத் தேய்த்துவிட்டேன்.