தம்பி வண்டிக்கு நான்தான் ஹாரன்

காலமான என் தம்பியின் பேத்தி, தானே செய்த ரிமோட் காருக்கு விளக்கெல்லாம் பொருத்திவிட்டாள். ஹாரன்தான் பாக்கி. போனை என் வாயருகே நீட்டினாள். "நீங்க அடிங்க பாட்டி, பதிவு பண்ணி வச்சிடறேன்."

திருவையாற்றில் தம்பியும் ஒரு கார் செய்தான். பால்மாவு டின்னுக்குச் செருப்பு ரப்பரில் சக்கரம் வைத்து, அப்பாவின் டார்ச் பல்பை முன்னால் சொருகியிருந்தான். அவன் கம்பால் தள்ளிக்கொண்டு ஓட, நான் பின்னாலேயே "பாம் பாம்" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். வாய்க்கால் கரையில் வாத்துகள் சிதறும்.

நான் பெரியவளானதும் அம்மா என்னை உள்ளறையில் உட்கார வைத்தாள். "இனிமே உன் சத்தம் வாசலைத் தாண்டக் கூடாதுடி."

மறுநாளே தம்பி ஜன்னலடியில் வந்து நின்றான். "அக்கா, மாடு மறிச்சுக்கிட்டு நிக்குது. ஒரே ஒரு ஹாரன் அடிக்கா."

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான். அப்புறம் அந்தக் காரை அவன் எடுக்கவேயில்லை.

"அடிங்க பாட்டி, வீட்ல யாருமில்ல."

மூச்சை இழுத்து அடித்தேன். அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஒண்ணுமே விழல பாட்டி. கொஞ்சம் சத்தமா."

நான் கத்தித்தான் அடித்திருந்தேன்.