தவளை வராத உயிரியல்

பெங்களூரில் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உயிரியலைக் கம்ப்யூட்டரில் படிக்கும் பயிற்சி.

சின்ன காஞ்சிபுரம் பிரௌசிங் சென்டரில் மெயிலைத் திறந்ததும், கூட வந்த அப்பா கேட்டார்.

"உயிரியல்னா தவளை அறுப்பாளே. பெருமாளுக்குத் தளிகை பண்ற ஆத்துப் பொண்ணு அதைத் தொடலாமோ?" தளிகை என்றால் எங்காத்துப் பேச்சில் சமையல்.

"வெறும் கம்ப்யூட்டர்தான்பா" என்றேன். நம்பவில்லை. அங்கிருந்தே, பயிற்சியை நடத்தும் பேராசிரியருக்குப் போன் போட்டார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"தவளையைப் பத்தின நம்பர்தான் சார் எங்க லேபுக்கு வரும். தவளை வராது."

"அப்போ போயிட்டு வா" என்றார் அப்பா.

இப்போது அடுத்த கேள்வி: "அங்க மெஸ்ல வெங்காயம் போடுவாளோ?"

அங்கே சாப்பிட்டவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் போடலாம். உண்மையைச் சொல்பவர்கள் மட்டும் நாளைக்குப் போடவும். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்.