கருப்பன் கோயில் எலும்பு

தர்மாஸ்பத்திரியில் பினாயில் நெடி அடித்ததும் காய்ச்சலில் கிடந்த மகனை இறுக்கிக்கொண்டேன். அன்று அவிநாசி மாட்டாஸ்பத்திரியிலும் இதே நெடிதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் நாய் மணி வாயை மூட முடியாமல் எச்சில் வடித்தது.

"வெறி பிடிச்சிருக்கு," என்றார் டாக்டர், எட்ட நின்றே.

"கிட்ட வந்து பாருங்க எசமான், யாரையும் கடிக்கலீங்க," என்று அப்பா கெஞ்சினார்.

கருப்பன் கோயில் கிடாக்கறியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நான் ஒளித்துக் கொண்டுவந்து மணிக்குப் போட்ட எலும்புதான் அதன் தொண்டையில் சிக்கியது. சாமி குத்தத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அன்றே மணியைச் சுட்டுவிட்டார்கள்.

"குழந்தைக்கு ஏதாவது கொடுத்தீங்களா?" என்று தர்மாஸ்பத்திரி டாக்டர் என் மகனைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலீங்க," என்றார் கூட வந்த மாமியார்.

"மூணு நாளா அத்தை கஷாயம் குடுத்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை; மறுபடி உரக்கச் சொன்னேன்.