மாத்திரை போட்டியா?

இளமதியின் மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படிதான் இருந்தது. மேலே கால்சியம் என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது வேறு. அந்த வீட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ஊர் ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, இரண்டு பெண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குரல் கேட்கத் தொடங்கியது. இப்ப தலை வார்றா பாரு, இப்ப பொய் சொல்லப் போறா பாரு என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி சிரிப்பாள். வகுப்பில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, ஆளே இல்லாத குளத்தங்கரையிலும் கேட்டது. அம்மா வளர்மதி நாலு மாதம் தாயத்து, மந்திரிப்பு என்று அலைந்துவிட்டு, கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரம் குரல்கள் அடங்கின. அடங்கியதும், சரியாகிவிட்டதே என்று தாயும் மகளும் சேர்ந்தே மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம், செருப்பில்லாமல் பாலாற்று மணலில் நடந்துகொண்டிருந்தவளை யாரோ பார்த்து போலீஸ் ஸ்டேஷனில் விட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு மாத்திரை போடச்சொல்லி யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. படிப்பை முடித்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள்.

சாலவாக்கத்திலிருந்து வரன் வந்தபோது, சொல்லிவிடலாம் என்றுதான் அவள் கேட்டாள்.

"சொன்னா எவன் கட்டுவான்?" என்றாள் வளர்மதி. "நல்லாத்தானே கீற. வாயை மூடிக்கினு இரு."

மாப்பிள்ளை வினோத்குமாருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாதவன், கெட்டவன் இல்லை. அப்பா இல்லை. இரண்டு ஏக்கர் நெல்லையும் வீட்டையும் அவன் அம்மா செல்லம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். வளர்மதி மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து, கால்சியம் டப்பாவில் நிரப்பிக் கொண்டுவந்து தருவாள். குழந்தை தங்குவதற்கான சத்து மாத்திரை என்று சம்பந்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய் இன்னொரு பூட்டைப் போட்டது. இன்னும் தங்கலையா என்று செல்லம்மாள் மாதாமாதம் கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் பிள்ளை பெறப் பயந்துகொண்டிருந்த இளமதி, டாக்டரைப் பார்க்க என்ன சொல்லிக்கொண்டு காஞ்சிபுரம் போவாள்? காலையில் மாத்திரையின் தூக்கம் கண்ணை அழுத்தும். ஏழு மணிக்கு எழுந்தால் சோம்பேறி என்ற பேர். அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு நடவு சமயத்தில் வளர்மதி காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேலை நாளில் இளமதியைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. இருந்த மாத்திரைகளை இளமதி பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். அதுவும் தீர்ந்தது. பத்தாம் நாள் போர்வெல் மோட்டார் சத்தத்துக்குப் பின்னாலிருந்து, இப்ப கொடம் தூக்கறா பாரு என்று கேட்டது. குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். அன்று சாயங்காலம் பல்வலி என்று சொல்லி, காஞ்சிபுரத்தில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், கூட்டிப்போங்கள் என்று கணவனைக் கேட்டாள். அவ்வளவு தூரம் எதற்கு என்று அவன் உத்திரமேரூரில் பல் டாக்டரிடம் வண்டியை நிறுத்தினான். வலிக்காத பல்லைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவள் அந்த நாற்காலியில் படுத்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அவ்வளவு வலியா என்று டாக்டர் கேட்டார். மறுநாள் வளர்மதி எழுந்து, தள்ளாடிக்கொண்டே பஸ் ஏறி வந்து டப்பாவை நிரப்பினாள்.

எல்லாம் உடைந்தது தை மாதம், அறுவடை நாட்களில். இரண்டு நாளாக மூட்டுவலியில் முனகிக்கொண்டிருந்த செல்லம்மாள், காலையில் இட்லி தின்றுவிட்டு, எலும்புக்கும் ஆகும் என்று மருமகளின் சத்து மாத்திரையில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனாள். பத்து மணிக்கு வரப்பில் விழுந்தாள் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். தூக்கி வந்தபோது தலை நிற்கவில்லை, நாக்கு குழறியது. சாலவாக்கத்து கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, பக்கவாதம் போலத் தெரிகிறது, உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுங்கள் என்றார். காலையில் என்ன சாப்பிட்டார் என்றும் கேட்டார்.

"நாஷ்டா துன்னுட்டு ஏதோ சத்து மாத்திரை போட்டுக்கினாங்க, அவ்ளோதான்" என்றான் வினோத்குமார்.

இளமதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் இந்த வாழ்க்கை முடிந்தது. திறக்காவிட்டால் இந்த அம்மாவுக்கு வேறு ஏதாவது மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"அது சத்து மாத்திரை இல்ல டாக்டர்" என்றாள். மாத்திரையின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் தடுமாறாமல் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து, இது யாருக்கு எழுதிக்கொடுத்தது என்று கேட்டார்.

"எனக்கு. எட்டு வருஷமா போடறேன்."

ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. குளுகோஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். மாலைக்குள் செல்லம்மாள் தெளிந்து, தண்ணீர் கேட்டாள்.

வளர்மதி வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். செல்லம்மாள் ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல் பேசினாள். நாலாம் நாள் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது வினோத்குமார் இளமதியிடம் சொன்னான்:

"வியாதி எனுக்குப் பெருசா தெரியல. ரெண்டு வருசம் பக்கத்துலயே இருந்துக்கினு சொல்லல பாரு, அதான்."

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னான். இளமதிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போலிருந்தது.

ஒரு வாரம்கூட அந்த லேசு நிற்கவில்லை. மாத்திரை பீரோவுக்குள் போனது, சாவி செல்லம்மாள் இடுப்புக்குப் போனது. விளக்கு வைத்ததும் எதிரில் உட்காரவைத்து உள்ளங்கையில் ஒன்றை வைப்பாள். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். எட்டு வருஷம் தானாக விழுங்கியவள் இப்போது இருபத்தெட்டு வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அதுகூடப் பரவாயில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்றால், "மாத்திரை போட்டியா?" டி.வி. பார்த்துச் சிரித்தால், "மாத்திரை போட்டியா?" மறுபடி ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று கணவனிடம் சொன்னபோது, அவனும் அதையே கேட்டான். அவளுடைய கோபம், ஆசை, அலுப்பு எதுவும் அவளுடையதாக இல்லை. எல்லாம் நோயின் கணக்கில் போனது. முன்பு பொய்க்குள் அடைந்து கிடந்தாள். உண்மையைச் சொன்ன பிறகு அந்த இடம் இன்னும் சிறிதாகிவிட்டது.

மனநல டாக்டர் உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, வினோத்குமாரையும் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு பெண். எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்று கேட்டார். எட்டு வருஷத்தில் ஆரம்பத்தில் ஒரு மூன்று மாதம், அதன்பிறகு ஒரு நடவின்போது பத்து நாள் என்றாள் இளமதி. மாத்திரை யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது, வினோத்குமார், எங்கம்மாகிட்ட என்றான்.

"ஏன்?" என்றார் டாக்டர்.

நினைவுபடுத்துவது வேறு, பூட்டிவைப்பது வேறு என்று டாக்டர் சொன்னார். காலைத் தூக்கத்துக்கு மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். குழந்தை பெறலாம், ஆனால் முன்கூட்டி வந்து சொல்ல வேண்டும், தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார்.

திரும்பும்போது அவன் ஏரி மதகுக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கினான்.

"அந்தப் பத்து நாளு... பல் டாக்டர்கிட்ட போனமே, அப்பவா?"

"ஆமாங்க."

அன்று மாலை அவன் அம்மாவிடம் என்ன சொன்னானோ, வாயைத் திறந்து காட்டுவது மட்டும் நின்றது. சாவி நகரவில்லை.

அடுத்த மாதம் இளமதி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே பஸ் ஏறினாள். போய்ச் சேர்வதற்குள் செல்லம்மாள் மூன்று முறை போன் செய்தாள். எங்க கீற, யாரோட கீற என்று கேட்டாள். மூன்று முறையும் இளமதி எடுத்துப் பதில் சொன்னாள். வீடு திரும்பியதும் செல்லம்மாள் அவள் கையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கி பீரோவில் வைத்தாள்.

விளக்கு வைத்தபின் இளமதி அவள் எதிரில் போய் நின்றாள்.

"அத்தை, சாவி குடுங்க. நானே எடுத்துக்கறேன்."

செல்லம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே பீரோவைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். இளமதி வாங்கி விழுங்கினாள். மறுநாள் மாலையும் அவள் சாவியைத்தான் கேட்டாள்.