எந்தப் பக்கம் ஜெயித்தாலும்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வருடா வருடம் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தி முடித்துவிடுவேன். காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள். ரொட்டி விலை ஏறியது, சிறை உடைந்தது, ராஜா தலை போனது. கடைசியில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று போர்டில் எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தால் ஏதோ நானே சாதித்த மாதிரி இருக்கும்.

போன வருட வகுப்பில் மியான்மரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அறுபதுகளில் அங்கிருந்த தமிழர்கள் பலர் இங்கே திரும்பி வந்தபோது வராமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அம்பத்தூரில் சித்தி வீட்டில் இருந்து படித்தாள். பையன்களுக்கு அவள் 'பர்மா'. அந்த ஊர் நூடுல்ஸான அத்தோ செய்யத் தெரியுமா என்பதைத் தாண்டி அவர்களிடம் அந்த நாட்டைப் பற்றி வேறு கேள்வி இல்லை. ஆனால் ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்கள் அங்கே ஓர் ஊரைப் பிடித்துவிட்டால், அவள் வகுப்புக்கே மிட்டாய் கொடுப்பாள். அதனால் பையன்களும் கிரிக்கெட் டீமுக்குச் சேர்வது மாதிரி அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

நானும்தான். பிரெஞ்சுப் புரட்சியையும் அவள் நாட்டுச் சண்டையையும் ஒப்பிட்டு ஒரு செமினார் எடு என்றேன். நன்றாகத் தயாராகி வந்திருந்தாள். அங்கே ராஜா, இங்கே ராணுவம். அங்கே ரொட்டி, இங்கே அரிசி. "அங்க முடிஞ்சிருச்சு மேடம், எங்க ஊர்லயும் முடிஞ்சிரும்" என்று சிரித்தபடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினோம்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவள் தம்பியை ராணுவம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவனை பஸ்ஸிலிருந்து இறக்கி, பயிற்சி கொடுத்து, கையில் துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். பசங்க அவனை துரோகின்னு சொல்லிடுவாங்க."

அப்புறம் கேட்டாள். "பிரான்ஸ்லயும் இப்படித்தானே ஆள் பிடிச்சாங்க? அந்தப் பசங்க வீட்டுல என்ன செஞ்சாங்க?"

'மக்கள் படை உருவானது.' பாடத்தில் அது ஒரு வரி, ஒரு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பிரான்ஸின் மேற்குப் பக்கத்து விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பியதும், புரட்சியின் படையே அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதும் எனக்குத் தெரியும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? "தெரியலம்மா" என்றேன். பிரெஞ்சுப் புரட்சி நல்லபடியாக முடிந்ததாக எனக்குத் தோன்றியதெல்லாம், அதில் செத்தவனின் அக்கா யாரும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால்தான்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. போராளிகள் ஜெயித்தால் தம்பி செத்திருக்கலாம். ராணுவம் ஜெயித்தால் போராளிகளோடு சேர்ந்துவிட்ட பள்ளித் தோழர்கள் செத்திருக்கலாம். "கோயிலுக்குப் போனா என்ன வேண்டிக்கறதுன்னே தெரியல மேடம். சும்மா சுத்திட்டு வந்துடறேன்" என்றாள். மிட்டாய் நின்றுபோனது. பையன்கள் பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால் மேசைமேல் கேக். நம் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கேக் வெட்ட வேண்டும், வெட்டியதை முகத்தில் பூசியும் ஆக வேண்டும். அவள் கன்னம், நெற்றி எல்லாம் வெள்ளை க்ரீம்.

"இன்னா மிஸ், லேட்டு! போன்ல வந்துகீது பாருங்க, இவங்க ஆளுங்க பெரிய ஊரு ஒண்ணைப் புட்சிட்டாங்க" என்றான் ஒரு பூந்தமல்லிப் பையன். "பர்மா ரொம்ப நாளா உம்முனு கீதேன்னு நாங்களே சேர்ந்து வாங்கினு வந்தோம்."

அவன் முகத்தில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பிடிபட்ட ஊரின் பெயரையே கேக்கின்மேல் எழுதி வாங்கி வந்திருந்தார்கள். அவள் அந்தப் பெயர் இருந்த இடத்தைத்தான் வெட்டியிருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காதருகே குனிந்தாள்.

"தம்பி இந்த ஊர் முகாம்லதான் மேடம் இருந்தான்."