ம் கொட்டப் பழகிய வீடு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மிளகாய்ச் சாக்கின் மேல் மையால் போடும் அடையாளம்தான். ஆகவே என் கையெழுத்தையும் பிழைகளையும் மன்னித்துப் படிக்க வேண்டும். எங்கே 'ள' வரும், எங்கே 'ல' வரும் என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

போன மாசியில் என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ள பாடத்தக் கவனிக்கிறதே இல்ல. எப்பப் பாத்தாலும் சன்னலையே பாத்துக்கிட்டு இருக்கு" என்றார். இவள் மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகள் யாருமே சொல்வதைக் காதில் வாங்குவதில்லையாம். அதற்காகப் பெற்றோருக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டுமென்றால் முதலில் பெரியவர்கள் கேட்க வேண்டுமாம்.

டவுனிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வகுப்பறைதான், ஆனாலும் மைக் வைத்திருந்தார்கள். கேட்பதன் அருமையைப் பற்றிக் காலையிலிருந்து மதியச் சோறு ஆறிப்போகும்வரை அவரே பேசினார். நடுவில் ஒரு அம்மா கை தூக்கினாள். "கேள்வியெல்லாம் கடைசியிலம்மா" என்றார். கடைசியில் அவருக்குப் பஸ் வந்துவிட்டது.

கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்கார எனக்குப் பழக்கமில்லை. குனிந்தபடி வேட்டியில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காட்டி, "இந்த ஐயாவப் பாருங்க. கேக்குறதுன்னா இப்படிக் கேக்கணும்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு விரலில் முள் ஏறியிருந்தது.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: தினமும் பத்து நிமிடம் பிள்ளை பேச வேண்டும், பெற்றோர் குறுக்கே பேசக் கூடாது, 'ம்' மட்டும் கொட்டலாம். கதைக்கு 'ம்' கொட்டியே வளர்ந்த ஊர், இதில் தோற்குமா? வீட்டுக்கு வீடு 'ம்' கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் ஆட்டு வியாபாரம் பேசிக்கொண்டே மகனுக்கு 'ம்' கொட்டினார்; வியாபாரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மறுநாள் கிடாயை ஓட்டிப்போக வந்துவிட்டார். என் மனைவி சீரியல் பார்த்துக்கொண்டே கொட்டினாள். நான் முறத்தில் கிடந்த மிளகாய் வத்தலில் வெளுத்த சோடையைப் பொறுக்கிக்கொண்டே கொட்டினேன். எங்கள் வீட்டைப் போல வீடு கிடையாது என்று டீச்சர் சொன்னார்.

சித்திரையில் என் அக்கா திருவாடானையிலிருந்து வந்தாள். ஆறாம் வகுப்புக்கு என் மகளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாகப் பொங்கலுக்கு வந்தபோதே சொல்லியிருந்தாள். இப்போது முடிவு கேட்க வந்தாள். பள்ளியில் இடம் சொல்லிவைத்திருப்பதால் அன்றே பதில் வேண்டும் என்றாள்.

அக்காவை நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது. ஆனால் என் பிள்ளை என்னைப் போலத்தானே? புது இடத்தில் வாய் திறக்காது, அழுதே கரைந்துவிடும். "பிள்ள வரமாட்டாக்கா" என்றேன்.

"ஏலே, ஒனக்குப் பேச்சுக்கூட வருமா?" என்றாள் அக்கா. "அவ சொன்னாளா?"

"தெனமும் பத்து நிமிசம் கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"ஆமா மதினி, நானுந்தான் கேக்குறேன். எங்கள விட்டு இருக்கமாட்டா" என்றாள் என் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசலில் நின்ற மகள் அழ ஆரம்பித்தாள். பார்த்தாயா என்பதுபோல அக்காவைப் பார்த்தேன்.

"அத்த வீட்டுக்குப் போறேன், போறேன்னுதானே அய்யா தெனமும் சொன்னேன்!" என்றாள் மகள். "நீங்க ம்ம், ம்ம்னீங்க. அம்மாவும் ம்ம்னுச்சு."

"எப்பத்தா சொன்ன?"

"நீங்க வத்தல் பொறுக்கையில."

அக்கா சிரித்த சிரிப்பில் கொட்டகையில் படுத்திருந்த கன்றுக்குட்டி எழுந்து நின்றது. "ஏலே, கேக்குறதுக்குக் கைதட்டு வாங்குனவன் நீதானாமே!"

முறத்தைக் கீழே வைத்தேன். மனைவி டிவியை அணைத்தாள். கரண்டு இருக்கும்போது அது எங்கள் வீட்டில் நின்றது அன்றுதான். "இப்பச் சொல்லு ஆத்தா" என்றேன்.

சொன்னாள். அங்கே பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி டீம் இருக்கிறதாம். இங்கிருந்து பஸ்ஸில் போய்வந்தால் சாயங்காலம் ஆட்டத்துக்கு நிற்க முடியாது. அத்தை வீடென்றால் நடந்தே திரும்பலாம். வகுப்பில் சன்னலைப் பார்த்ததெல்லாம் வெளியே பையன்கள் ஆடிய கபடியைத்தான். அவள் ஒரு காலைப் பிடித்தால் எவனும் கோட்டுக்குத் திரும்ப முடியாதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் என் சாயல் துளிகூட இல்லை.

பாதியில் நிறுத்தினாள். "என்னய்யா, ம் கொட்டாம இருக்கீங்க? கேக்கலையா?"

"கேக்குறேன்த்தா."

"அப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

டீச்சர் முன்னால் நிற்பதுபோல எழுந்து நின்று ஒப்பித்தேன். பஸ் விஷயத்தை விட்டுவிட்டேன், மறுபடி சொல்லவைத்தாள். அதன் பிறகுதான் அக்காவைப் பார்த்து, "பிள்ள வாரா" என்றேன்.

இன்று காலை, கூட்டிப்போக மறுபடி வந்த அக்காவோடு மகளைப் பஸ் ஏற்றிவிட்டோம். சன்னலோரம் உட்கார்ந்து என்னவோ சொன்னாள். இரைச்சலில் விளங்கவில்லை. பழக்கத்தில் 'ம்' என்று தலையாட்டப் போனவன், ஓடிப்போய்ச் சன்னலில் காதை வைத்தேன்.

"கபடிக்குக் கால்சட்ட வாங்கணும்யா."

"கபடிக்குக் கால்சட்ட வாங்கணும்!" என்றேன், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி.

வைகாசி இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை.