டப்பாவில் கிடந்த கம்பி

இடது கை இடுக்கியைப் பிடித்திருந்தது. வலது கை ஒரு பித்தளைக் குழலை மேசையோடு அழுத்தியிருந்தது. குழலின் நடுத்துளையில் நுழைந்த கம்பி இரண்டு பக்கமும் ஓடி, முனைக் கண்களில் புகுந்து திரும்பி, தண்டைச் சுற்றத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விதிப்புத்தகம் நான்கு சுற்று போதும் என்கிறது. அந்தக் கை ஐந்தாவதும் சுற்றியது. மிஞ்சிய நுனியை வெட்டி, அடுத்தவர் விரலைக் குத்தாதபடி உள்ளே மடித்தது. வழக்கமாக நான்கு நிமிட வேலை. அன்று இரண்டு முறை கம்பி அறுந்தது. கோபத்தில் கை கூடுதலாக இழுத்துவிட்டது.

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் அவளுக்குக் கம்பியக்கா என்று பெயர். பத்தொன்பது வயதில், பழைய விமானங்களின் இறக்கைக்குத் துணி தைக்க வந்தவள். சாப்பாட்டு இடைவேளையில் பராமரிப்புப் புத்தகங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு படித்தாள். உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, அவள் இடது கையால் கம்பி சுற்றுவதைப் பார்த்து, "சுத்து எதிர்ப்பக்கமா ஓடுதேம்மா" என்று சிரித்தார் தேர்வாளர். பிறகு அரை மணி நேரம் இழுத்தும் நெம்பியும் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் இருபத்தாறு வருடமாக, ஒரு பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் அது கம்பியக்காவுடையதா, மற்றவருடையதா என்று அந்த ஹாங்கரில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

அவள் சுற்றிக்கொண்டிருந்தது டர்ன்பக்கிள். பைலட் ஸ்டிக்கை இழுத்தால் வால் அசைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓடும் எஃகு வடத்தை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகுக்குழல் அது. பறக்கும்போது அதிர்வில் அது தானாகக் கழன்றுவிடக் கூடாது. அதற்குத்தான் பூட்டுக்கம்பி.

பூட்டுக்கம்பியில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வெட்டியெடுத்த பழைய கம்பி ஒவ்வொன்றும் அந்தந்த நிமிடமே ஒரு பிஸ்கட் டப்பாவில் விழ வேண்டும். சாயங்காலம் டப்பாவையும் வேலைச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். புதிதாக வருகிறவன் எவனாக இருந்தாலும் முதல் மாதம் அந்த வசவைக் கேட்காமல் இருக்க முடியாது. "வெட்டுன துண்டு உள்ள விழுந்தா அது எங்க போய்ச் சொருகும்னு உனக்குத் தெரியுமா? இல்ல, உங்கப்பனுக்குத் தெரியுமா?" அவளுடைய சொந்தத் தம்பியும், அதே ஹாங்கரில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, இந்த வசவை வாங்கினான். அப்பனையும் சேர்த்தே வாங்கினான். இருவருக்கும் ஒரே அப்பன் என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

விமானக் கண்காட்சி நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலிக்கு அப்பால் பல்லாயிரம் பேர். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அந்தச் சின்னச் சிவப்பு விமானம் குட்டிக்கரணம் போட வேண்டும். ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், சிரித்த முகம். எதிலும் குறை கண்டுபிடிக்கிறாள் என்பதால் கம்பியக்காவை மாமியார் என்றுதான் கூப்பிடுவார். அன்று காலையிலும், "மாமியார் கையெழுத்துப் போட்டாச்சா? அப்ப மருமகன் கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். மாலையில் மூன்றாவது குட்டிக்கரணத்தின் அடியில் விமானம் மூக்கைத் தூக்கவே இல்லை. ஓடுபாதைக்கு அப்பால் புல்வெளியில் நேராக இறங்கியது.

மறுநாள் பத்திரிகையில், பைலட் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறித் தாழ வந்தார் என்று போட்டிருந்தது. சொன்னவர் கண்காட்சியை நடத்திய பறப்புச் சங்கத்தின் செயலாளர்.

கம்பியக்காவின் அலமாரியில் பழைய விபத்து அறிக்கைகள் ஒரு கட்டு இருந்தன. பல நாடுகளில், பல காலங்களில், கண்காட்சிகளில் விழுந்த விமானங்கள். நிறைய முறை அவற்றைப் படித்திருக்கிறாள். சிலவற்றில் பைலட்தான் தப்பு செய்திருந்தார். அதை அவள் மறுத்ததில்லை. ஆனால் கடைசி மூன்று விநாடியிலிருந்து தொடங்கும் அறிக்கைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பறக்கிற நேரத்தை யார் குறித்தார்கள், கூட்டத்தை யார் அவ்வளவு பக்கத்தில் உட்காரவைத்தார்கள், காலையில் யார் அவசரப்படுத்தினார்கள் என்று ஒரு வரி இருக்காது. செத்தவர் எழுந்து வந்து மறுப்புக் கடிதம் எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் பைலட்டின் மனைவி அவருடைய சட்டையையும் தெர்மாஸையும் வாங்கிக்கொள்ள ஹாங்கருக்கு வந்தார். கம்பியக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கதானே மாமியார்? அவர் கைதட்டலுக்காகவா தாழ வந்தார்? பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது."

கம்பியக்கா தெர்மாஸைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். பதில் அவளுக்கு அப்போது தெரியாது.

அன்று பிற்பகல், உடைந்த பாகங்களை அடையாளம் காட்டச் சொல்லி விசாரணை அதிகாரி அவளை அழைத்தார். தார்ப்பாயில் பரப்பியிருந்த துண்டுகளுக்கு நடுவே டர்ன்பக்கிள் மூன்று பாகமாகக் கிடந்தது. எல்லாம் நொறுங்கியிருந்த இடத்தில் அதன் திருகுமறையின் வரிகள் மட்டும் புதுசு போல இருந்தன. மோதியதில் பிய்ந்திருந்தால் மறை சிதைந்திருக்கும். இது பிய்யவில்லை, கழன்றிருக்கிறது. ஒரு முனையில் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்ச்சீட்டு கட்டுகிற மெல்லிய கம்பி. மூன்றே சுற்று. சுற்று வலப்பக்கமாக ஓடியது.

அவள் நேராகப் பணிமேசைக்குப் போய் டப்பாவின் மூடியைத் திறந்தாள். விபத்துக்குப் பின் ஹாங்கரைப் பூட்டிவிட்டதால் யாரும் அதைக் கொட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய கம்பி கிடந்தது. ஐந்து சுற்று, உள்ளே மடித்த நுனி, நடுவில் வெட்டு. தொடாமல் மூடினாள். அன்றைக்கு ஹாங்கரில் இருந்த மெக்கானிக் ஒருவன்தான்.

தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் குழந்தையின் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"டர்ன்பக்கிள யார்டா தொட்டது?"

பம்பு நின்றது. "அக்கா, அவர் தாழ வந்துட்டார்னு முடிஞ்சுபோச்சே."

"யாருக்குடா முடிஞ்சுபோச்சு?"

பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "காலைல ஏறி உக்காந்ததும் ஸ்டிக் இறுக்கமா இருக்குன்னு அவர் சொன்னார். நீ அந்தப் பக்கம் வந்தவங்களுக்கு இன்ஜினக் காட்டிட்டு இருந்த. தலைமை விருந்தாளி வந்து உக்காந்துட்டார், உங்கக்காவக் கூப்பிட்டா பறப்பு நாளைக்குத்தான், நீயே ஒரு திருகு தளர்த்திவிடுன்னு செயலாளர் சொன்னார். நல்ல கம்பி உன் அலமாரில. சாவி உன் இடுப்புல. பெயர்ச்சீட்டுக் கம்பியச் சுத்திவிட்டேன்."

"வந்து கேக்க வாயில்லையா?"

"கேட்டா நீ விமானத்த நிறுத்தியிருப்ப."

"நிறுத்தியிருப்பேன்டா! அதுக்குத்தானே நான் இருக்கேன்! பின்ன, பொங்கிப்போடவா இருக்கேன் அங்க?"

"ரெண்டு பறப்புக்கும் நடுவுல நல்ல கம்பி மாத்திடலாம்னு இருந்தேன். செயலாளர் போட்டோ எடுக்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்துட்டார். ஒவ்வொருத்தரா விமானத்துல சாஞ்சு நின்னாங்க. அதுக்குள்ள மணி ஆயிடுச்சு."

"ஒண்ணு சொல்லு. வெட்டுன கம்பிய ஏன் டப்பால போட்ட?"

தம்பி விழித்தான். "போட்டேனா?"

அவனுக்கு நினைவே இல்லை. செய்யக் கூடாத வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதும், கை தன் பாட்டுக்குச் சட்டத்தைக் கடைப்பிடித்திருக்கிறது. அதைக் கேட்டதும்தான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இவ்வளவு நன்றாகப் படிந்த கை, பத்து நிமிடம் நடந்து வந்து ஒரு சாவியைக் கேட்கவில்லை!

மறுநாள் செயலாளரே அவள் மேசைக்கு வந்தார். தம்பி சொல்லியிருக்க வேண்டும்.

"ஏம்மா, உலகத்துல ஏர்ஷோன்னா நாலு விழத்தான் செய்யும். பெரிய பெரிய தேசத்துலயே விழுது. உங்க தம்பிக்கு ரெண்டு குழந்தைங்க. செத்தவருக்கு இனிமே வேலையா போகப்போகுது?"

"சார், அவருக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

"அது வேற விஷயம்."

"எது வேற? உங்க தலைமை விருந்தாளி வந்து உக்காந்துட்டார்னு ஒரு ஆளத் தரைல எறக்கிட்டீங்க. இப்ப அவர் பேரையும் சேர்த்து எறக்குறீங்க. கைதட்டலுக்கு ஆசப்பட்டது யாரு? அவரா, நீங்களா? நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவர் நகர்ந்தார். அப்போதுதான் அவள், விசாரணையில் காட்டுவதற்காக, வேறொரு டர்ன்பக்கிளில் கம்பி சுற்றத் தொடங்கினாள். இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை சரியாக வந்ததும் ஒரு பலகையின் இடப்பக்கம் அதைப் பொருத்தினாள். வலப்பக்கம் காலியாக இருந்தது.

அவள் வரச் சொல்லியிருந்த தம்பி பதினொரு மணிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அவள் இரண்டாவது டர்ன்பக்கிளையும் மெல்லிய கம்பியையும் அவன் முன்னால் தள்ளினாள்.

"சுத்து. அன்னைக்கு எப்படிச் சுத்துனியோ அப்படியே. இப்ப எனக்கு நல்லாச் சுத்திக் காட்டாத."

"என் உரிமம் போயிடும்க்கா."

"போகும். என்னதும் போகலாம். குவார்ட்டர்ஸ்ல துணி காயப்போட எடுத்துட்டுப் போறாங்கன்னு கம்பியப் பூட்டிவச்சவ நான்தான். அதையும் எழுதியிருக்கேன். செயலாளர் சொன்னதையும் எழுதியிருக்கேன், வார்த்தைக்கு வார்த்தை. நீ சுத்தலன்னா அவர் தாழ வந்தார்ங்கறதுதான் நிக்கும். எந்த ஊரு, எந்த வருஷம்னு தெரியாத ஒருத்தி இன்னும் முப்பது வருஷம் கழிச்சு அத எடுத்துப் படிப்பா. நம்புவா."

அவன் உட்கார்ந்தான். சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கமாக ஓடியது. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டை அவன் கை தானாகவே டப்பா இருக்கும் பக்கம் கொண்டுபோனது.

"அதுல போடாத!" என்று கத்தினாள். "அது சாட்சி. இங்க வை."

நீட்டியிருந்த நுனியைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு பூட்டை அவள் மேசையை விட்டுப் போகவிட்டதில்லை. இடது கை இடுக்கியை எடுத்தது. மறுபடியும் கீழே வைத்தது. அப்படியே பலகையில் பொருத்தினாள்.

விசாரணை சங்கத்தின் நூலக அறையில் நடந்தது. செயலாளர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார், தம்பி பின்னால் நின்றிருந்தான். கம்பியக்கா பலகையையும், மூடிய டப்பாவையும், நான்கு பக்க வாக்குமூலத்தையும் மேசைமேல் வைத்தாள்.

"டப்பாக்குள்ள நான் கை வைக்கல சார். மூடியத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். மேல கிடக்கிறது நான் பூட்டுன கம்பி. இடப்பக்கத்துல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்க. தார்ப்பாயில இருக்கிறத வலப்பக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்க."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "இடப்பக்கம் உங்களோடது. வலப்பக்கம் யாரோடது?"

சன்னலோரம் நாற்காலி கிரீச்சிட்டது. கம்பியக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்னோடது சார்" என்றான் தம்பி. முன்னால் வந்து, பலகையைத் தூக்கி நீட்டினான்.

அதிகாரி எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.